நாற்காலியில் மூன்று பம்புகள்

தம்பி கில்பர்ட்,

சோறும் நெத்திலிச் சம்பலும் மேசையில் மூடி வைத்திருக்கிறேன். இடமில்லாததால் உன் ஜீப்புக்கு வாங்கிய மூன்று பெட்ரோல் பம்புகளையும் நாற்காலிக்கு மாற்றினேன், எதுவும் உடையவில்லை.

அப்பாவோடு பெக்கோக் போகிறேன், அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற. பக்கத்து வீட்டு மணியம் அண்ணன் தன் காரில் கூட்டிப்போகிறார். மெழுகுவர்த்தியும் அவரே வாங்கி வந்தார். கர்த்தர் அவரை ஆசீர்வதிப்பார். போன கல்லறைத் திருநாளுக்கும் அவர் வந்து கேட்டார். "எங்கப்பா எங்க ஜீப்லதான் போவாரு லா" என்று நீதான் திருப்பி அனுப்பினாய். ஜீப் கிளம்பவே இல்லை.

புது இன்ஜினுக்குப் பழைய பம்பின் அழுத்தம் போதாது என்றாய். சரி. ஆனால் எந்தப் பம்ப் என்று தேர்ந்தெடுக்கவே உனக்குப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. உன்மேல் எனக்குக் கோபமில்லை. தினமும் உனக்காக ஜெபிக்கிறேன்.

போன வருடம் அப்பாவுக்கு ஒரு கண்ணாவது தெரிந்தது. அன்று போயிருந்தால் கல்லறையில் பதித்த அம்மா படத்தைப் பார்த்திருப்பார். இன்று தடவித்தான் பார்ப்பார்.

ஐலீன் அக்கா

பி.கு.: நீ வேலை முடிந்து வரும்வரை காத்திருக்கலாம் என்றேன். "வேணாம்மா, அவன் பம்பப் பாத்துக்கிட்டே இருக்கட்டும். அவனுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்றார் அப்பா.