வட்டிப் பாடம்

5 பிப்ரவரி 2025

மறந்துபோவதற்கு முன் எழுதி வைக்கிறேன். பேரன் ஃபவாஸுக்குக் கார் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. பேத்தி நூரீனுக்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, அதுவும் பிரெஞ்சில்! என்ன பேசினாள் என்று ஒரு வார்த்தை புரியவில்லை. கைதட்டித் தட்டி என் உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். ஸமீஹா சட்டக் கல்லூரியில் நாலாம் வருஷம். என் மகள் காரைக்காலில் இருப்பதால், இந்தப் பேத்தி மட்டும் முதலியார்பேட்டையில் என்னோடு தங்கிப் படிக்கிறாள். அவளைச் சென்னையில் ஒரு பெரிய வக்கீல் ஆபீஸில் ஜூன் மாதம் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை: கணக்கியல் என்ற பாடத்தில் தேறியிருக்க வேண்டும். கம்பெனி வழக்குப் பார்க்கிற இடமாம். கம்பெனிக் கணக்கைப் படிக்கத் தெரியாதவளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

இவள் தேறாமல் வேறு யார் தேறப் போகிறார்கள்!

11 பிப்ரவரி

ஸமீஹாவுக்கு எதையும் சத்தமாகப் படித்தால்தான் மண்டையில் ஏறும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், அவள் குறுக்கும் நெடுக்கும் நடந்து படித்தாள். இன்று தேய்மானம். மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கில் குறைக்க வேண்டுமாம். எங்கள் மிக்ஸிக்கும் போட்டுப் பார்த்தாள். பத்து வருஷ மிக்ஸி, ஒன்றும் தேறவில்லை.

"எனக்கும் போடுடி"ன்னேன்.

"நீ நிலம் மாதிரி ஆயா. நிலத்துக்குத் தேய்மானமே கெடையாது."

குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அவள் சோற்றைக் கூடப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

18 பிப்ரவரி

நாத்தனார் பதுருன்னிசா வந்திருந்தாள். ஸமீஹா உள்ளே படித்துக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. தனி வட்டி, கூட்டு வட்டி, கடன் பத்திரத்துக்கு வட்டி. பதுரு கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன மச்சி, வக்கீலுக்குப் படிக்கிறான்னு தெருவெல்லாம் சொன்னே. வட்டிக்கடைக்கு இல்ல ஆள் தயார் பண்றே?"

எனக்குச் சுருக்கென்றது. மார்க்கத்தில் கூடாதென்று எங்கள் வீட்டில் யாரும் வட்டி வாங்கியதுமில்லை, கொடுத்ததுமில்லை. அவள் போனதும் ஸமீஹாவிடம், "அந்தப் பாடத்தை மட்டும் இந்த வூட்ல சத்தமா படிக்காத"ன்னு சொன்னேன்.

"சரி ஆயா" என்றாள். நல்ல பிள்ளை.

4 மார்ச்

மூன்றாம் நோன்பு. ஸமீஹா கணக்கியலில் ஃபெயில்.

5 மார்ச்

கேட்கக் கூடாதென்றுதான் இருந்தேன். இருக்க முடியவில்லை.

"கேள்வித்தாள்ல பாதி கடனும் வட்டியும்தான் ஆயா."

"படிக்கலியா நீ?"

"படிச்சேன். மனசுக்குள்ள."

அவ்வளவுதான் சொன்னாள். என்மேல் ஒரு குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நான்தானே அவ வாயை அடைச்சேன்? எவளோ ஒருத்தி டீ குடிக்க வந்து ஒரு வார்த்தை சொன்னா, புள்ள படிப்பு போவணுமா? பெருநாளைக்குப் பிறகு மறுதேர்வு வைக்கிறார்களாம். அதிலும் போனால் சென்னை இல்லை.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. வட்டி வட்டிதானே?

7 மார்ச், வெள்ளி

கேட்டேவிட்டேன். "நெசமா சொல்லு. வட்டி வாங்கத்தான் சொல்லித் தராங்களா?"

ஸமீஹா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "போன வருஷம் பூரா திருட்டு, கொலைன்னு இதே வூட்ல கத்திக் கத்திப் படிச்சேன். நீ தேங்கா துருவிக்கிட்டே கேட்ட. நான் என்ன திருடவா போனேன்?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவளுக்கும்.

"ஒருத்தன் அநியாய வட்டி போட்டா, அது அநியாயம்னு கோர்ட்ல சொல்றதுக்காவது எனக்கு அந்தக் கணக்கு தெரியணும் ஆயா."

"அப்ப புஸ்தகத்தை எடு. சத்தமா படி"ன்னேன். தெருவுக்கே கேட்கட்டும்.

15 மார்ச்

நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டே கேட்டதில் எனக்குப் புரிந்தது இது. கம்பெனிக்குப் பணம் இரண்டு வழியில் வருகிறது. கடன் கொடுத்தவனுக்கு, கம்பெனி ஓடினாலும் படுத்தாலும் வட்டி போய்ச் சேர வேண்டும். பங்கு போட்டவனுக்கு எல்லாம் போக மிஞ்சியதுதான். மிஞ்சவில்லையென்றால் கைவீசிக்கொண்டு போக வேண்டியதுதான்.

"பங்கு போட்டவன்தான் நம்ம ஆளு"ன்னேன்.

அந்த நேரம் பார்த்து பதுரு கஞ்சி வாங்கத் தூக்கோடு வந்தாள். இருந்தாலும் ஸமீஹாவிடம், "நிறுத்தாத, படி" என்றேன். பதுரு வாசற்படியிலேயே நின்றாள். முகம் கடுகடு. போவாள் என்று பார்த்தால் போகவில்லை.

கடைசியில், "ஏண்டி, கம்பெனி முழுகிப் போனா கடன் குடுத்தவன் சும்மா விட்ருவானா?" என்றாள்.

"விட மாட்டான் சின்னாயா. இருக்கறத வித்தா, மொதல்ல அவனுக்குத்தான்."

"பங்கு போட்டவனுக்கு?"

"கடைசியா."

"அநியாயமா இருக்கே!" என்று தூக்கைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் வரை எழுந்திருக்கவில்லை.

31 மார்ச்

பெருநாள். பிரியாணி நன்றாக வந்தது. ஸமீஹா ஒரு கையில் தட்டு, ஒரு கையில் புத்தகம்.

8 ஏப்ரல்

மறுதேர்வு எழுதிவிட்டு வந்தாள். "எப்படி?" என்று கேட்கவில்லை. மோர் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். நான்தான் உட்கார்ந்தே இருந்தேன்.

2 மே

தேறிவிட்டாள்! முதல் வகுப்பெல்லாம் இல்லை. எனக்கென்ன, தேறிவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ். மகளுக்குப் போன் போட்டேன், ஃபவாஸுக்குப் போட்டேன். தவறி யாரோ அரியாங்குப்பத்துக்காரருக்குப் போய்விட்டது. அவருக்கும் சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார்.

14 ஜூன்

ஸமீஹா சென்னைக்குப் போன பிறகு இன்றுதான் நிதானமாகப் பேசினாள். முதல் வாரம் முழுக்க ஜெராக்ஸ் எடுக்க வைத்தார்களாம். நேற்று ஒரு கம்பெனியின் பைல் வந்திருக்கிறது. கடன் கொடுத்தவர்கள் வட்டியைக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று வழக்கு. சீனியர் அம்மா இவளைக் கூப்பிட்டு, "நீ போட்டுப் பாரு" என்றாராம். போட்டாளாம். கூடத்தான் போட்டிருக்கிறார்களாம்.

பதுரு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போனைப் பிடுங்கி, "கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டுத்தானே போற?" என்று கேட்டாள். படம் அனுப்பியிருக்கிறாளாம். போனில் வந்த படத்தை நாங்கள் கண்ணாடி தேடி எடுத்து மாட்டுவதற்குள் திரை இருட்டாகிவிடுகிறது. "இது வேணாம்டி, கோட்டோட புதுசா ஒண்ணு புடிச்சு, ஸ்டுடியோவுல கழுவி, தபால்ல அனுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

பதுரு என் தோளை இடித்தாள். "ரெண்டா அனுப்பச் சொல்லு மச்சி. என் வூட்லயும் செவுரு இருக்கு."