மடிப்பு வண்டியும் ஒரு ‘ர’வும்

மார்ச் 5, 2019, செவ்வாய்

ஆசன் நகரத்துக்காரர் தன் பழைய மடிப்பு வண்டியை விற்றுவிட்டாராம். “போன வாரமே சரின்னு சொல்லியிருந்தா உங்களுக்குத்தான் ஐயா” என்றார் தொலைபேசியில். இது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் ‘இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன்’ என்கிறேன். அந்த இரண்டு நாளில், யோசிக்கவே யோசிக்காத யாரோ ஒருவர் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

குறிப்பேட்டில் மடிப்பு வண்டிக்கு ஆதரவாக இருபத்தெட்டு, எதிராக முப்பத்தொன்று. மூடினால் இடுப்பளவு பெட்டி. திறந்தால் துணிக்கூடாரம், உள்ளே கட்டில். நானூறு கிலோதான் எடை, எங்கள் சின்னக் காரே இழுத்துவிடும். கார்க் கொட்டகைக்குள்ளேயே வைத்துவிடலாம். ஆனால் துணி நனைந்தால் வீட்டுக்கு வந்ததும் மறுபடி விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை. கடற்காற்றில் படபடக்கும். இழுத்துச் செல்லும்போது தொண்ணூறு கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

மனைவி ரூலி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். பென்சிலை வாங்கி, கடைசியாக இருந்ததை அடித்துவிட்டு ஆதரவுப் பக்கத்தில் எழுதினாள்.

“தொண்ணூறத் தாண்டக் கூடாதுங்கறது உனக்கு எப்பலேருந்து கெட்டதாச்சு, லுப்பர்ட்? நீ எண்பதத் தாண்டியே நான் பாத்ததில்ல.”

ஆக, இருபத்தொன்பதுக்கு முப்பது.

மார்ச் 6, புதன்

மதியம் பட்டாணி சூப். முடிவு இல்லை.

மார்ச் 14, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும். போன கோடையில், அமலாந்துத் தீவில், காலை ஆறரை மணிக்கு ரூலியால் கூடாரத்தின் தரையிலிருந்து எழ முடியவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் விழுந்தோம். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு வேறொன்றாக மாறியது. “நாப்பத்திநாலு கோடை. போதும் லுப்பர்ட்” என்றாள். நவம்பரில் இடுப்பு மூட்டை மாற்றினார்கள். இப்போது சைக்கிள் ஓட்டுகிறாள், என்னைவிட வேகமாக. ஆனால் தரையில் படுத்து எழுவது மட்டும் இனி கூடாது.

இன்று அவள் தங்கை ஃபெம்மி கூப்பிட்டாள். ஜூலையில் ரைன் நதிக் கப்பலில் இரண்டு வாரம். இருவர் அறை, ஃபெம்மியும் ரூலியும். மே ஒன்றாம் தேதிக்குள் பதில் வேண்டுமாம்.

“வண்டி வந்தா தீவுக்குப் போவோம்” என்றாள் ரூலி, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. “வரலன்னா நான் கப்பலுக்குப் போறேன். நீ வீட்ல உக்காந்து உன் ரெண்டு பத்தியையும் கூட்டிக்கிட்டு இரு.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 23, சனி

பக்கத்து வீட்டு ஹார்ம் தன் வெள்ளைக் கேரவனைக் கழுவிக்கொண்டிருந்தார். எட்டு மீட்டர் நீளம், உள்ளே அடுப்பு, குளியலறை, தொலைக்காட்சி. “மடிப்பு வண்டியா? அது கூடாரத்துக்குச் சக்கரம் மாட்டினது, அவ்வளவுதான். பெரிய மனுஷனா ஒரு கேரவன வாங்கு” என்றார்.

பட்டியலில் நான் எழுதாத ஒன்று உண்டு. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

முகாம் திடலுக்குள் புது வண்டி நுழைந்தால், எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு காபியோடு உட்காருவார்கள். செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருப்பார்கள். கண் அதற்கு மேலே இருக்கும். நானும் அப்படிப் பார்த்திருக்கிறேன், நாற்பத்துநாலு கோடையாக. பின்பக்கமாக வண்டியை ஒதுக்கத் தெரியாதவனைப் பார்த்து ரூலியிடம் முணுமுணுத்தும் இருக்கிறேன். அந்த ஆளாக நான் இருக்கப்போகிறேன். எதிர்ப்பத்தியில் இருக்கும் முப்பதும் ஒருவேளை இந்த ஒன்றுக்குப் போட்ட போர்வைதானோ?

எழுபத்தேழு வயதில் இப்படி ஒரு வெட்கமா?

ஏப்ரல் 9, செவ்வாய்

செய்துவிட்டேன். பலசரக்குக் கடையின் வாசல் விளம்பரப் பலகையில், மடிப்பு வண்டி தேவை என்று அட்டை குத்திவிட்டேன். இணையத்தில் தேடினால் விற்கிறவர்கள் என்னை விரட்டுகிறார்கள். அட்டை என்றால் அவர்கள் என்னைத் தேடி வர வேண்டும்.

நான்கு வரைவு எழுதி, ஐந்தாவதை நல்ல அட்டையில் தடித்த எழுத்தில். பாடநூல் அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் மெய்ப்புப் பார்த்தவன். ஒரு காற்புள்ளிகூடத் தவறாதென்று ரூலியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அட்டை குறுகலாக இருந்ததால் தலைப்புச் சொல்லை முறைப்படி நடுவில் சிறு கோடு போட்டு இரண்டு வரியாக உடைத்தேன்.

ஏப்ரல் 13, சனி

ஐயோ.

ஹார்முக்கு எழுபது வயது. வழக்கம்போல் வட்டமாக நாற்காலி, வழக்கம்போல் வந்திருக்கும் எல்லோருக்கும் வாழ்த்து. ஒவ்வொருவர் கையையும் குலுக்கி, “ஹார்மின் பிறந்தநாளுக்கு உங்களுக்கு வாழ்த்து” என்று பதினான்கு பேருக்கும் சொல்லி, என் இடத்தில் உட்கார்ந்து கேக்கைத் தொட்டேன்.

“இருங்க, இருங்க” என்று ஹார்ம் எழுந்து நின்றார். “எனக்கு வாழ்த்து இருக்கட்டும். முதல்ல ரூலிக்கு எல்லாரும் ஆறுதல் சொல்லுங்க. லுப்பர்ட் வேற பொண்ணு தேடறான்.”

எல்லோரும் சிரித்தார்கள். புரியாமல் நானும் சிரித்தேன். அவர் கைபேசியை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தான் பிடித்துவந்த படத்தைப் பார்த்து உரக்கப் படித்தார்:

“தேவை: எடை குறைந்த பெண். நானூறு கிலோவுக்கு மேல் வேண்டாம். பழையதானாலும் பரவாயில்லை, நன்றாகப் பேணப்பட்டிருக்க வேண்டும். குளிர்காலத்தில் உலர்ந்த இடத்தில் வைக்கப்பட்டதாக இருத்தல் அவசியம். சிறிய காரால் இழுக்கத் தக்கது. என் மனைவி நேரில் பார்த்துச் சம்மதித்த பிறகே முடிவு.”

எங்கள் டச்சு மொழியில் ‘வௌ’ என்றால் மடிப்பு, ‘வாகன்’ என்றால் வண்டி. ‘வ்ரௌ’ என்றால் பெண். வௌவாகன் என்று எழுத வேண்டியவன் நடுவில் ஒரு ‘ர’வைச் செருகியிருக்கிறேன். அதுவும் மேல் வரியில் ‘வ்ரௌ’, ஒரு சிறு கோடு. கீழ் வரியில் தனியாக ‘வாகன்’. அந்த ‘வாகன்’ மேல் யாரோ காணாமல்போன பூனைக்கான அட்டையைக் குத்திவிட்டார்கள். நான்கு நாளாக எங்கள் மெப்பல் ஊரே படித்திருக்கிறது. தொலைபேசி எண்ணோடு.

ரூலியைப் பார்க்கப் பயந்து தட்டைப் பார்த்தேன். பிறகு அவள் குரல்.

“நானூறு கிலோ வரைக்கும் போகலாமா? ஹார்ம், எனக்கு இன்னொரு துண்டு கேக் குடு.”

அதற்குப் பிறகு சிரிப்பில் யாராலும் எதையும் பேச முடியவில்லை. ஹார்மின் மனைவி சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

முப்பத்தெட்டு வருஷம். லட்சக்கணக்கான பக்கம். சொந்த அட்டையில ஒரு ‘ர’. எப்படிடா கண்ணுல படல? எப்படி?

பிடுங்கிவரக் கிளம்பினேன். ரூலி விடவில்லை. “அங்கேயே இருக்கட்டும். உனக்கு யாரு வர்றான்னு எனக்கும் தெரியணுமில்ல.”

ஏப்ரல் 16, செவ்வாய்

பத்து மணிக்குத் தொலைபேசி.

“அட்டையப் பாத்துட்டுக் கூப்பிடறேன் ஐயா. வயசு எழுபத்தொண்ணு. எடை உங்க வரம்புக்குள்ளதான். குளிர்காலம் முழுக்க உலர்ந்த இடத்துலதான் இருந்தேன்.”

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். “எனக்கு மனைவி இருக்கிறாள் அம்மா” என்று மட்டும் சொல்ல வந்தது.

“தெரியுமே! அவங்க சம்மதிக்கணும்னு நீங்களே எழுதியிருக்கீங்களே!” அந்தப் பக்கம் அப்படி ஒரு சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். பெயர் அலைடா, ஹாஃபெல்ட கிராமம். பூனை அட்டையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். கணவர் இறந்து இரண்டு வருடம். அவருடைய மடிப்பு வண்டி களஞ்சியத்தில் அப்படியே நிற்கிறது. எத்தனையோ பேர் கேட்டார்களாம், கொடுக்க மனம் வரவில்லையாம்.

“அவர் போனப்புறம் கடை நடுவுல நின்னு சத்தமா சிரிச்சது அன்னிக்குத்தான். அப்பவே முடிவு பண்ணிட்டேன், வண்டி இந்த ஆளுக்குத்தான்னு. உங்களுக்குப் பிடிச்சாத்தான், சரியா? இருபத்தஞ்சாம் தேதி வாங்க. அந்த அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அவங்களப் பாக்கணும்.”

இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது. ரூலி எதிரே நின்று தலையைப் பலமாக ஆட்டினாள். வருகிறோம் என்றேன்.

ஏப்ரல் 25, வியாழன்

கைவிளக்கு, அளவு நாடா, குளியலறை எடைக்கருவி (வண்டியின் கொக்கி காரின் மேல் எவ்வளவு அழுத்தும் என்று பார்க்க), சோதிக்க வேண்டிய நாற்பத்திரண்டு விஷயங்களின் தாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அலைடா காபி கொடுத்தார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினார்.

களஞ்சியக் கதவைத் தள்ளினார். சாம்பல் நிறப் பெட்டி. மூடியைப் புரட்டினார், ஒரு பக்கம் இழுத்தார், துணி எழுந்து நின்றது. நான் மண்டியிட்டு அடிப்பகுதியில் விளக்கடித்துக்கொண்டிருந்தேன். துரு இல்லை. குறித்துக்கொள்ள நினைத்தால் தாள் காரிலேயே இருந்தது.

தலைக்கு மேல் பலகை கிறீச்சிட்டது. ரூலி ஒரு படி ஏறி, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு படுத்தாள்.

எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கண்ணைத் திறந்தபடி துணிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன கோடையிலிருந்து வந்த பழக்கம், என் கை தானாக அவள் பக்கம் நீண்டது. அவள் பார்க்கவில்லை. ஒருக்களித்தாள், காலைக் கீழே விட்டாள், எழுந்து நின்றாள். தானாக. ஒரு தடவை செய்துவிட்டு, திரும்பப் படுத்து இன்னொரு தடவை எழுந்தாள். என் கை காற்றில் நின்றுகொண்டிருந்தது.

“வாங்கிக்கறோம்” என்று யாரோ சொன்னார்கள்.

“என்னது?” என்றாள் ரூலி.

“உங்க வீட்டுக்காரர்தான் பேசினாரு” என்றார் அலைடா. “எனக்கும் சந்தேகமாத்தான் இருந்தது.”

விலையைக் கேட்டதுகூட ரூலிதான்.

ஏப்ரல் 26, வெள்ளி

டயர் எத்தன வருஷத்துதுன்னு கேட்டியா? இல்ல. பிரேக் கம்பியப் பாத்தியா? இல்ல. எடைக்கருவியக் கார்லேருந்து எறக்கினியா? அதுவும் இல்ல. என்ன ஆளு நீ?

ஆனால் ஏழரை மணி வரை தூங்கியிருக்கிறேன்.

மே 1, புதன்

ரூலி ஃபெம்மியைக் கூப்பிட்டுக் கப்பலுக்கு வரவில்லை என்றாள். ஃபெம்மியின் குரல் எனக்கே கேட்டது: “அந்த மனுஷன் நெஜமாவே வாங்கிட்டானா? ரூலி, தொட்டுப் பாத்தியா வண்டிய?”

மே 19, ஞாயிறு

மரக்கடையின் காலி வாகன நிறுத்தத்தில் பின்பக்கமாக ஒதுக்கப் பயிற்சி. மடித்த வண்டி அவ்வளவு தாழ்வு. பின்கண்ணாடியில் தெரிவதே இல்லை, எதையும் இழுக்காததுபோல் இருக்கிறது. ரூலி இரண்டு மூங்கில் குச்சியில் சிவப்புச் சமையலறைத் துணியைக் கட்டி வண்டியின் பின்மூலைக்கு ஒன்றாகச் செருகினாள். துணியை இடப்பக்கம் போகச் சொன்னால் வலப்பக்கம் போகிறது. ஒன்பது முயற்சியில் இரண்டு தேறியது.

“ரெண்டு போதும்” என்றாள். “நம்ம ஒரு தடவதானே ஒதுக்கணும்.”

ஜூன் 29, சனி

தீவு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திடலுக்குள் நுழைந்ததுமே ஏழு நாற்காலி திரும்பியது. எண்ணினேன். செய்தித்தாள்கள் உயர்ந்தன. எங்கள் இடம் இரண்டு புதருக்கு நடுவே. முதல் முயற்சியில் காரும் வண்டியும் மடங்கி ‘L’ எழுத்தைப்போல நின்றன. இரண்டாவதில் புதருக்குள். மூன்றாவதில் குடிநீர்க் குழாயை நோக்கிப் போனது. ரூலி கத்தி நிறுத்தினாள். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு செய்தித்தாள் கீழே இறங்கியது. இதோ, நாற்பத்துநாலு வருடம் நான் முணுமுணுத்ததெல்லாம் திரும்பி வருகிறது என்று நினைத்தேன்.

நீச்சலுடை போட்ட பெரிய மனிதர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். “மடிப்பு வண்டிதானே ஐயா? எதுக்கு இந்தப் பாடு? கொக்கிய விடுங்க.”

நான்கு பேர் எழுந்து வந்தார்கள். காபிக் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு மூலை பிடித்து, பேசிக்கொண்டே தள்ளினார்கள். அரை நிமிடத்தில் இடத்தில் நின்றது. ‘எடை குறைவு’ என்று மாதக்கணக்காக எழுதிவந்தேன். அதில் இதெல்லாம் அடக்கம் என்று தெரியாது.

“கேரவனா இருந்திருந்தா நாங்க வந்திருக்க மாட்டோம்” என்றார் நீச்சலுடைக்காரர். “சுகமா உக்காந்து பாத்திருப்போம்.”

விரிக்கப் பதினோரு நிமிடம். ரூலி அவர்கள் எல்லோருக்கும் காபி போட்டாள்.

ஜூலை 3, புதன்

காலையிலிருந்து மழை. வெண்ணெய் தடவிய ரொட்டியில் சாக்லேட் துருவல் தூவி, கட்டிலில் உட்கார்ந்தே சாப்பிட்டோம். கூரைத் துணியில் மழை விழுகிற சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே பேசிக்கொண்டிருந்தோம். துணி நன்றாக நனைந்துவிட்டது. காயும்.

ஜூலை 11, வியாழன்

நாளை மறுநாள் கிளம்ப வேண்டிய நாள். காலையில் ரூலி தோழிகளோடு கடலில் நீந்தப் போனாள்; பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் மூன்று பேர், பத்து நாளில் தோழிகள். நான் பாத்திரம் கழுவிவிட்டு, யாரிடமும் கேட்காமல், எதையும் எழுதிப் பார்க்காமல், திடல் அலுவலகத்துக்கு நடந்தேன்.

“நாற்பத்தேழாம் எண் இடம். இன்னும் ஒரு வாரம் கிடைக்குமா?”

அங்கிருந்த பெண் திரையைப் பார்த்தாள். “ஏற்கெனவே இருபதாம் தேதி வரைக்கும் இருக்கே. எட்டு மணிக்கே உங்க வீட்டம்மா ஈரத் தலையோட வந்து நீட்டிட்டுப் போனாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம், ஆச்சரியப்படுத்தணும்னாங்க. ஐயய்யோ, நான் சொல்லிட்டேன்.”

வாசல்வரை வந்துவிட்டேன். திரும்பிப் போனேன்.

“அப்படியென்றால் இருபத்தேழு வரை என்று போடுங்கள் அம்மா” என்றேன். “அவளிடம் சொல்ல வேண்டாம்.”

இப்போது கொடிக்கயிற்றில் துண்டைக் காயப்போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள், தன் ரகசியம் பத்திரமாக இருப்பதாக நினைத்து. நானும் சிரித்து வைக்கிறேன்.