துண்டு தொங்க வேண்டிய கம்பி

அன்புள்ள சின்னவனுக்கு,

நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், இத்தனை வருஷமும் கை தானாக எழுதிவிடும், இந்தத் தடவை அந்தப் பொய்யை எழுத எனக்கு மனசு வரவில்லை. போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். உன் போன் வந்தாலே அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறந்தால் ஒரு முறை முறைக்கிறார், அப்புறம் என்னத்தைச் சொல்ல, சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைக்க வேண்டியதுதான். அக்காவுக்கு வேலை மாற்றலாகி வீடு தேடி அலைகிறாள், மாடி வீட்டுக்காரர்கள் குழாயை மூடாமல் போய் நம் கூடத்துச் சுவர் ஊறிக்கிடக்கிறது, இதெல்லாம் கிடக்கட்டும், நான் எழுத வந்தது நீ அனுப்பிய அந்த டவல் வார்மரைப் பற்றி.

நான் உன்னிடம் என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? பக்கவாதத்திலிருந்து தேறிய பிறகு அப்பாவின் இடது கைக்கு அசைவு வந்ததே தவிர உணர்ச்சி வரவில்லை, குளியலறையில் முக்காலியிலிருந்து எழுந்திருக்கத் தடுமாறுகிறார், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும் என்றேன். இங்கேயே வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, நான் பாத்துக்கறேம்மா நீ சும்மா இரு என்றாய். பெட்டி வந்தது. பிரித்தால் ஏணி மாதிரி பளபளவென்று கம்பிச் சட்டம், மின்சாரத்தில் சூடாகித் துண்டைக் கதகதப்பாக வைக்குமாம். நன்றாகத்தான் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. குளிர்காலத்துக் காலையில் வெதுவெதுப்பான துண்டைத் தோளில் போட்டதும் உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு ராஜா மாதிரி நின்றார், எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் பெட்டி வந்த அன்றைக்குப் போனில் நீ அப்பாவிடம் கூடவே ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாயே, வெறும் கம்பி எதுக்குப்பா, இது கம்பிதானே, பிடிச்சுக்கவும் பிடிச்சுக்கலாம் என்று. நீ சொன்ன வேகத்தில் மறந்திருப்பாய். அவர் மறக்கவில்லை.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே வைத்துக் கொடுத்துவிட்டு, ஐயா இது துண்டு போடத்தான், ஆள் பாரத்தை இந்த ஸ்க்ரூ தாங்காது, சூடும் ஏறும், பிடிக்காதீங்க என்று படித்துப் படித்துச் சொன்னார். அப்பா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் பையன் பாத்துத்தாம்ப்பா அனுப்பியிருக்கான், அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்றார். பயிற்சி கொடுக்க வருகிற அம்மாள் பந்தை அழுத்தச் சொல்லிச் சொல்லி அந்த இடது கைக்குப் பிடி அப்போதுதான் திரும்பியிருந்தது, சட்டைப் பித்தானைக் கூட அவரே போட ஆரம்பித்திருந்தார், அந்தப் பெருமையில் அந்தக் கையாலேயே அதைப் பிடித்துக்கொண்டு நின்று, மற்றக் கையால் நிதானமாகத் துவட்டியிருக்கிறார். சுடுவது தெரிந்தால்தானே விடுவார்? வெளியே வந்தவர் கையை நான் பார்த்தபோது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஐயோ என்று நான் கத்துகிறேன், அவர் என்ன என்ன என்று என்னையே கேட்கிறார். டாக்டர் கேட்டதற்கு வெந்நீரைக் கொட்டிக்கொண்டேன் என்று கூசாமல் ஒரு பொய். வெளியே வந்ததும் என்னிடம், பையன் காதுக்கு இது போச்சுன்னா பாத்துக்கோ என்று மிரட்டல். உன் பேர் கெட்டுவிடக்கூடாதாம். என் வயிறு எரிகிற எரிச்சல் யாருக்குத் தெரியப்போகிறது.

கட்டுப் போட்டதில் பயிற்சி நின்றுபோய் விரல்கள் மறுபடி மடங்க ஆரம்பித்துவிட்டன. திரும்பவும் முதலிலிருந்துதான் வரணும்மா, வருமான்னு இப்ப சொல்ல முடியாது என்கிறார் அந்த அம்மாள். பித்தான் நான்தான் போட்டுவிடுகிறேன், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இதற்கப்புறமாவது புத்தி வந்ததா? நான் கடைக்குப் போய் நல்ல கைப்பிடி ஒன்று வாங்கி எதிர்ச் சுவரில் ஆழமாகத் துளை போட்டு அடிக்கச் செய்தேன். அதில் அவர் ஈரத் துண்டைக் காயப்போடுகிறார்! எழுந்திருக்க இன்னமும் உன்னுடையதையே பிடிக்கிறார், இப்போது வலது கையால், சுட்டால் துண்டைச் சுற்றிக்கொண்டு. நான் சுவிட்சை அணைத்து வைத்தால் திரும்பப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார். துண்டு தொங்க வேண்டியதில் மனுஷர் தொங்குகிறார், மனுஷர் பிடிக்க வேண்டியதில் துண்டு தொங்குகிறது. சட்டத்தின் ஒரு பக்கம் சுவரை விட்டுக் கிளம்பிவிட்டது, காலையில் தரையில் காரைத் தூள் கிடக்கிறது. கழற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், அவன் ஆசையா அனுப்பினது, அவன் சொல்லட்டும் கழட்டலாம் என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். நான் பக்கத்தில் நின்று கத்துவது கத்தல், நீ போகிற போக்கில் சொன்னது வேதவாக்கு. நாற்பது வருஷம் சோறு போட்டவள் பேச்சுக்கு இந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை, அதை உனக்கு எழுதும்போது நாக்கெல்லாம் கசக்கிறது.

உன்னை வந்து பார் என்று நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டது. வேறு எதையும் வாங்கி அனுப்பாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் போட்டு அவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்: அப்பா, நான் தெரியாமச் சொல்லிட்டேன், அது பிடிக்கிற கம்பி இல்ல, கழட்டிடுங்க என்று. அம்மா எழுதினாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்ல உனக்கு வாய் வருமா என்பதுதான் எனக்குச் சந்தேகம், அவர் பிள்ளைதானே நீ. கோபத்தில் எழுதினாலும் பெற்ற வயிறு, நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு அவர் குளிக்கிற நேரமெல்லாம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், இதையும் அங்கிருந்துதான் எழுதுகிறேன். தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது, இனி எழுந்திருப்பார், நான் போகிறேன்.

உன் அம்மா