கதவு சாத்தினால் முப்பத்தொன்பது

மார்ச் 3, திங்கள்

மூலைத் தியேட்டரை இடித்தார்களே, எங்கள் கட்டிடத்து லிப்ட் நாலு நாள் ஐந்தாம் மாடியில் தொங்கியதே, அந்த வருஷம். எண் போட்டுச் சொல்ல எனக்கு வராது. எழுத்தும் தெரியாது. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. தேதியை மட்டும் மருமகள் போடுவாள். உள்ளே படிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள்.

தம்பிக்குத் தொண்டையில் கட்டி. பதினாலாம் தேதி ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்களாம். கடல் தாண்டி இருக்கிறான். தினம் சாயங்காலம் நாலு மணிக்குப் போனில் முகம் காட்டுவான். அதற்குள் நான் ஒன்று சொல்ல வேண்டும். பதிலை அவன் வாயால் கேட்க வேண்டும்.

இன்று ஹாலில் எல்லோரும் நலம் விசாரிக்கும்வரை தெளிவாக இருந்தான். என் அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, “அந்தக் குழி மூடி விஷயம்...” என்றேன். முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது.

மார்ச் 4

மறுபடியும் அதே இடத்தில்.

மார்ச் 6

வீட்டில் நெட்டுக்கு மூன்று வெள்ளைப் பெட்டி. ஹாலில் பெரியது, சமையலறையில் ஒன்று, என் அறையில் ஒன்று. ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கொடுக்குமாம். என் அறைச் சுவர் தடிமன் என்று ஹாலிலிருந்து ஒரு தட்டைக் கம்பியும் வருகிறது.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்பவள் மருமகள். சோதனை செய்து காட்டினாள். “நூறு பாக்கெட், சின்னச் சின்னத் தகவல் பொட்டலம், அனுப்புறேன் மாமா. எத்தனை திரும்பி வருதுன்னு பார்க்கணும்.”

நூறும் வந்தது.

“அப்ப பழுது யாருகிட்ட? என்கிட்டயா?”

“குரலைப் பதிஞ்சு அனுப்பிடுங்களேன்.”

பதிஞ்சு அனுப்புற பேச்சா இது?

மார்ச் 7

மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திருப்பினார், அலைவரிசையை மாற்றினார், மைக்ரோவேவைக் குற்றம் சொன்னார், பக்கத்து வீட்டைக் குற்றம் சொன்னார். சோதித்தார். நூற்றுக்கு நூறு.

“தாத்தா பேசினா மட்டும் போகுதுன்னா, தாத்தாதான் நெட்டை முழுங்குறார்.”

“முழுங்கினது வேற, தம்பி” என்றேன். அவருக்குப் புரியவில்லை. நல்லது.

நாலு மணிக்கு மறுபடி உடைந்தது.

மார்ச் 9, ஞாயிறு

இங்கேயாவது முழுசாகச் சொல்கிறேன்.

வெள்ளத்தில் ரயில் பாலம் போன வருஷம். என் மகன் பிறந்து ஒன்பதாம் நாள். டெலிபோன் கேபிள் வேலையில் நாங்கள் ஐந்து பேர்: மேஸ்திரி, சோடாபுட்டி, விசில், தம்பி, நான். கையால் அளந்தே கேபிள் வெட்டுவதால் எனக்கு முழம் என்று பெயர். பாதாளக் குழியைத் திறந்தால், உள்ளே இருக்கும் விஷவாயு போக அரை மணி நேரம் காற்று விட்டபிறகுதான் இறங்க வேண்டும். அன்று மூடி என் பொறுப்பு. குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்துவிட்டுத் தாமதமாக ஓடி வந்தேன். மூடியை நகர்த்தி இரண்டு நிமிஷம்கூட இல்லை.

“காத்து விட்டாச்சா?” என்றான் விசில்.

“ஆச்சு, இறங்கு.”

எப்போதும்போல் விசிலடித்துக்கொண்டே இறங்கினான். ஐந்தாம் படியில் சத்தம் நின்றது.

விசாரணையில் என் வாய் திறக்கவில்லை. “மூடியைத் தொறந்தது நான்தான்” என்றான் தம்பி. வேலை போனது. ஊரை விட்டே போனான். நான் அதே வேலையில் ரிட்டயர் ஆனேன். எனக்காக ஏன் சொன்னாய் என்று இன்றுவரை கேட்டதில்லை.

மார்ச் 12

குரல் இப்போதே பாதி காற்று. “அண்ணா, என்னமோ சொல்ல வந்தியே...” அத்தோடு போய்விட்டது. போனைக் கட்டிலில் வீசினேன். நாளை ஒரு நாள்தான்.

மார்ச் 13, வியாழன்

காலையில் பழைய புத்தி வந்தது. கேபிளில் பழுது என்றால் மேஸ்திரி மீட்டரைத் தொடமாட்டார். கேபிள் போகும் வழியெல்லாம் நடப்பார். நானும் ஹாலிலிருந்து தரையோடு தட்டைக் கம்பியைத் தடவிக்கொண்டே வந்தேன். என் வாசற்படியில் கட்டைவிரல் பள்ளத்தில் இறங்கியது. சுவரில் ஓட்டை போடாதே, கதவுக்கு அடியில் விடு என்று அன்று சொன்னவன் நானேதான்.

“அம்மா, இப்ப நூறு அனுப்பு.” கதவைத் திறந்து வைத்தேன். நூறு வந்தது. சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

“மாமா! முப்பத்தொன்பது போச்சு!” என்று வெளியிலிருந்து கத்தினாள். கதவு நசுக்கும்போது கம்பியில் தொடர்பு அறுகிறது, பெட்டி காற்றில் தாவுகிறது, மறுபடி கம்பிக்குத் தாவுகிறது, தாவலில் எல்லாம் கொட்டிப்போகிறது. சோதனை செய்த யாரும் கதவைச் சாத்தவில்லை. சாத்தியவன் நான் ஒருத்தன்.

“கடையில சொல்லியிருக்கேன், புதுக் கம்பி நாளைக்குத்தான் வருமாம். இன்னிக்குத் திறந்து வெச்சே பேசுங்களேன். நாங்க என்ன வெளியாளா?”

நாலு மணி. ஹாலில் மகனும் இருந்தான். எழுந்து போ என்று எந்த வாயால் சொல்வது? கதவைத் திறந்து வைத்தே சொன்னேன். எல்லாம் சொன்னேன். ஹாலில் அவள் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

தம்பி அசையவில்லை. ஐயோ, மறுபடி போச்சா? இல்லை, இமை அடித்தது.

“தெரியும்ணா. நீ மூடியை நகர்த்துறப்ப பின்னாலதான் நின்னேன்.”

“அப்புறம் ஏன்டா...”

“உனக்காகன்னு நினைச்சியா? அவன் இறங்குறதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். ‘இரு’ன்னு ஒரு வார்த்தை. சொல்லலையே.” இருமினான். பிறகு, “எல்லாத்தையும் கையால அளப்பே, அரை மணியை மட்டும் அளக்கத் தெரியாது உனக்கு” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அழுதேனோ என்னவோ.

ஒரு சொல்கூட விடுபடவில்லை.

மகன் உள்ளே வந்தான். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. “தண்ணி குடிங்கப்பா” என்றான். டம்ளரை வாங்கும்வரை நின்றான்.

மார்ச் 14

இன்னும் செய்தி இல்லை.

மார்ச் 17, திங்கள்

தம்பி கண் விழிக்கவில்லை. நேற்று அங்கேயே தகனமும் முடிந்தது.

மருமகள் புதுக் கம்பியைக் கதவு நிலைக்கு மேலே ஏற்றி ஒட்டியிருக்கிறாள். “இனிமே சாத்திக்கலாம் மாமா” என்றாள். சாத்தவில்லை. நாலு மணிக்கு, “நூறு அனுப்பு, பார்ப்போம்” என்றேன். எதற்கு என்று கேட்காமல் அனுப்பினாள். நூறும் வந்தது.

மேஸ்திரி காமாலையில் போனார். சோடாபுட்டி லாரி மோதி. விசில் குழியில். தம்பி ஆபரேஷன் மேஜையில்.

இருக்கிறவன் முழம்.