பாதி ஆட்டக்காரர்

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். முழங்கால் வலியும் என்னோடு நலமாகவே இருக்கிறது. அம்மாவுக்கு இருமல் நின்றதா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நான் புல் வெட்டும் கோல்ஃப் மைதானத்துக்கு வாரம் தவறாமல் வருவாரே ஒரு பல் டாக்டர், அவர் போன மாதம் காலமானார். கோல்ஃப் என்றால் அவருக்கு உயிர். ஆனால் ஒரு ஆட்டத்தைக்கூட முடித்ததில்லை. பாதியில் மனைவி போன் செய்வார். "இதோ வந்துட்டேம்மா" என்று மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார். பாதி ஆட்டக்காரர் என்றுதான் அவருக்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம்.

அவர் கடைசியாக விட்டுப்போன ஆட்டத்தை முடித்துவைக்க நேற்று அவர் நண்பர்கள் அவருடைய மனைவியை அழைத்திருந்தார்கள். எல்லோரும் தலைகுனிந்து நின்றோம். மட்டையையே தொட்டறியாதவர், ஓங்கி ஒரு போடு போட்டார். பந்து நேராக வந்து என் நெற்றியில் இறங்கியது. லேசான வீக்கம்தான், பயப்படாதே.

"அவர் அடிச்சாலும் அங்கதான் போயிருக்கும்" என்றார் ஒரு நண்பர். துக்கத்துக்கு வந்த கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

அந்த அம்மாதான் எனக்கு ஐஸ் கட்டி வைத்துவிட்டார். "போன் பண்ணிப் பண்ணியே அவரை ஆட விடாம பண்ணிட்டேனோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்கம்மா. நீங்க கூப்பிட லேட்டானா, போனையே பாத்துட்டு நிப்பாரு. பந்தைப் பாக்கவே மாட்டாரு" என்றேன்.

யாராவது வந்தால் தைலம் ஒரு புட்டி கொடுத்தனுப்பு. புல் வெட்டும் வண்டியை எடுக்கச் சொல்லி மேஸ்திரி கத்துகிறார், முடிக்கிறேன். வேலை நேரத்தில் கூப்பிடாதே என்று உன்னிடம் சொல்லியிருந்தேன் அல்லவா?

கூப்பிடு.

உன் வீட்டுக்காரன்