காதுக்கு ஒரு பிடி இலவம்பஞ்சு

உப்புக் கூடின சொதியைத் தானே வைத்துத் தானே குடிக்கும் என் அவருக்கு,

முழங்கால் நோ எப்படி? நான் சுகம். சிரிக்காமல் வாசியுங்கோ, வேலை இடத்தில் மேசைக்கு அடியில் குப்புறப் படுத்துவிட்டேன்.

நான் சமையல் வேலை செய்யும் இந்த நோர்வேக் கம்பனியின் ரொக்கெட் செவ்வாய் காலை முதல்முறையாக மேலே போய்ப் பூமியைச் சுற்றத் தொடங்கியது. முன்பு இரண்டு கடலில் விழுந்தனவாம். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த இரைச்சலில், குண்டுக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள் படுத்த நாட்கள்தான் வந்தன. பக்கத்தில் நின்ற மேலாளர் அம்மாவையும் இழுத்துப் போட்டு, "படுங்கோ, வாயைத் திறந்து வைச்சிருங்கோ!" என்று தமிழில் கத்தினேன். அவாவும் திறந்தா.

இனி மாதம் ஒன்று விடுவார்களாம். இன்னும் ஒரு வருடம் வேலைக்கு நிற்க நான் கையெழுத்து வைக்க வேண்டுமாம். நிற்கவா, வரவா என்று போனில் கேட்டால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். லீவில் ஊருக்கு இதைக் கொண்டுவரும் ஓமந்தை றுமானா இங்கே திரும்பும்போது, நம் வீட்டு இலவம்பஞ்சில் ஒரு பிடி என் காதுக்குக் கொடுத்துவிடுங்கோ. இல்லாவிட்டால் 'வா' என்று எழுதிக் கொடுங்கோ. பஞ்சைவிடப் பாரம் குறைவு.

றுமானா புறப்படச் சப்பாத்தும் போட்டுவிட்டா, முடிக்கிறேன். அன்று மேசை சரிந்ததில் வெற்றிக்கென்று செய்த கேக் மேலாளரின் தலையில் விழுந்தது. அதன்மேல் நான் சீனியில் செய்து வைத்த ரொக்கெட் மட்டும் உடையாமல் அங்கேயே நின்றது.

உங்கள் அருந்ததி