வண்டி நின்றதும் ஒரு மிஸ்டு கால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றித்தான் சொல்வதற்கில்லை. போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று யோசிக்காதே, நீ கூப்பிட்டால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்.

நீ வெளிநாட்டில் வேலை பார்க்கும் அந்தப் பெரிய சரக்குக் கம்பெனி உன்னைக் கிடங்கிலிருந்து எடுத்து லாரி ஓட்டக் கூப்பிடுகிறது, போகவா வேண்டாமா என்று கேட்டாய். அன்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நாடு முழுக்க இல்லை அம்மா, ஒரு பகுதிக்குள்ளேதான், வாரக் கடைசியில் இங்கே என் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். அந்தப் பகுதியை அப்பா மேப்பில் காட்டினார், விரலால் தள்ளத் தள்ள முடியவே இல்லை, இதற்குப் பெயர் பகுதியாம். அதில் மலைப்பாதை இருக்கிறது, மூடுபனி இறங்குகிற இடம் இருக்கிறது. நடுவில் ராத்திரியெல்லாம் வண்டிக்குள்ளேயே திரைக்குப் பின்னால் படுக்கை என்கிறாய், நீயோ படுத்தால் தலைமாட்டில் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாய். யார் யாரோ நிறுத்திய லாரிகளுக்கு நடுவில் நீ தனியாகத் தூங்குவதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. முதலில் பழைய டிரைவர் ஒருவர் கூட வருவார், கேமரா இருக்கிறது, நேரத்துக்கு மேல் ஓட்ட விடமாட்டார்கள் என்றெல்லாம் சொன்னாய். கேமரா பார்க்கும், சரி, தாங்கிப் பிடிக்குமா? அதற்காக அந்தக் கிடங்கிலேயே கிட என்று சொல்லவும் வாய் வரவில்லை, பெட்டி தூக்கித் தூக்கி உன் தோள் போய்விட்டதும் எனக்குத் தெரியும்.

அப்பாவைக் கேட்கவே வேண்டாம். முடி வெட்டுகிறவரிலிருந்து காய் விற்கிறவர் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை, என் மகள் என்னை விடப் பெரிய வண்டி ஓட்டப் போகிறாள் என்று தண்டோரா போட்டாயிற்று. முதுகு போய் லாரியை விட்டு இறங்கிய பிறகு அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் நேற்று பரணிலிருந்து அவருடைய பழைய சீட்டு மெத்தையை இறக்கி, உறையைப் பிரித்து, புதுப் பஞ்சு அடைத்துத் தைக்க உட்கார்ந்தார். “கம்பெனி சீட்டை நம்ப முடியாது, இதை அவளுக்கு அனுப்பு” என்றார். ஊசியில் நூல் கோக்க அவரால் முடியவில்லை. கேட்டால் கண்ணாடி சரியில்லையாம். நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.

அவர் ரோட்டில் இருந்த காலம் உனக்கு மறந்திருக்காது. நாமாக ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, போன் அடித்தால் ஸ்டீயரிங்கிலிருந்து கை போகும் என்பார். வண்டியை நிறுத்திய பிறகு அவரே ஒரு மிஸ்டு கால் விடுவார், நாம் எடுக்க மாட்டோம், கேட்டுக்கொள்வோம். அது வரும்வரை புரண்டுகொண்டே இருப்பாய், வந்த அடுத்த நிமிஷம் தூங்கிப்போவாய். ஒரு மழைநாளில் விடியும்வரை அது வரவே இல்லை, நீயும் நானும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிக்னல் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டாராம், சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். எனக்கு அந்த ராத்திரி இன்னும் முடியவில்லை.

போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. நீ போவாய், கேட்கும்போதே உன் குரலில் தெரிந்தது. போனால் இனி சாயங்காலத்தில் நான் உன்னைக் கூப்பிட மாட்டேன், அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்துவிடாதே. வண்டியை நிறுத்தி, பிரேக் போட்டு, இரண்டு பக்கக் கதவையும் பூட்டிவிட்டு ஒரே ஒரு மிஸ்டு கால் விடு, இங்கே எந்த நேரமானாலும் சரி. கண் சொருகினால் ஓரம் கட்டு, சரக்கு காத்திருக்கட்டும். நீ போகும் வழியெல்லாம் உனக்கு நல்ல வழியாக அமையட்டும், போன மாதிரியே திரும்பி வா. மெத்தை தனிப் பார்சலில் வரும், வாங்கி வைக்க மறந்துவிடாதே.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா

பின்குறிப்பு: நீ இன்னும் சரி என்றுகூடச் சொல்லவில்லை, அதற்குள் அப்பா போனின் சத்தத்தை முழுதாகக் கூட்டித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவருக்கு மிஸ்டு கால் விட்டுத்தான் பழக்கம், காத்திருந்து பழக்கமில்லை. அதை நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.